பச்சைப் பட்டை கட்டியவர்கள் தாமே நடந்து செல்லலாம்

2025 பிப்ரவரி 19, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குச் சங்கு ஊதத் தொடங்கியது. பத்தரைக்கு ஊதும் என்று அறிவித்திருந்தார்கள். ஊதாமல் கழிந்த அந்தப் பத்து நிமிடமும் நான் கைப்பேசியில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் மனத்தில் தங்கிவிட்டது.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதிலை ஒட்டியிருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரசாயன ஆலை. ஷிப்ட் மாறும்போதெல்லாம் அதன் சங்கு ஒரே சீராக ஊதி ஓயும். எங்கள் தெருவில் அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள். அன்று கேட்டது வேறு ஒலி. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, நிற்கவேயில்லை. அபாயச் சங்கு அப்படித்தான் ஊதும் என்பதை அதற்கு முன் நான் அறிந்திருக்கவில்லை. ஒத்திகைதான் என்று தெரிந்தும் ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு வாரத்துக்கு முன்பு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக வந்தது. "பொதுமக்கள் யாரும் பீதியடைய வேண்டாம். இது ஒத்திகை மட்டுமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாளும் ஒட்டப்பட்டது. அபாயகரமான பொருளைச் சேமித்து வைக்கும் ஆலைகள் சுற்றுவட்டார மக்களையும் சேர்த்துக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. அந்த விதிப்படி இது நடத்தப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஒரு வரைபடம். ஆலையை மையமாக வைத்து ஒரு வட்டம். வட்டத்துக்குள் எங்கள் ஊர், பள்ளிக்கூடம், ஏரிக்கரை எல்லாம் இருந்தன. வாயுவின் பெயரும் இருந்தது: குளோரின். அந்தப் பெயரைப் பள்ளி வேதியியல் புத்தகத்தில் படித்திருக்கிறேன். நாங்கள் துணி காயப்போடும் கொல்லைக்கு எதிரே, மதிலுக்குப் பின்னால், தொட்டியில் அது இருக்கிறது என்பதை அந்தத் தாள்தான் சொன்னது. அரசு அதை எங்களிடம் மறைத்ததாகச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய கட்டம் விதியில் வரும்வரை சொல்லவில்லை, அவ்வளவுதான். பீதியடைய வேண்டாம் என்று கேட்ட அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் பீதி பிறந்தது.

ஒத்திகைக்குக் காயம்பட்டவர்கள் தேவைப்பட்டார்கள். ஆலைத் தொழிலாளர்களை எடுத்தால் உற்பத்தி நிற்கும். ஆகவே நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை அழைத்துவரும்படி பணித்தளப் பொறுப்பாளருக்குச் சொல்லப்பட்டது. ஏரிக்கரையில் மண் வெட்டுவதற்குப் பதிலாகப் பள்ளி மைதானத்தில் வந்து படுக்க வேண்டும். அதுவும் வேலைநாளாகவே பதிவாகும். என் அம்மாவும் போனார். ஒரு காலத்தில் பிறர் வயல்களில் நாற்று நட்டவர். பிறகு தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்தவர். அந்த வேலையில் மூச்சிழுப்பு வந்தது. இழுப்பு வந்ததும் வேலை போனது. அப்பா ஆந்திர எல்லைக்கு அப்பால் தடாவில் ஒரு கிடங்குக்குக் காவல். வாரக்கடைசியில்தான் வருவார். அன்று எனக்குக் கல்லூரி இல்லை. முதுகலைத் தமிழ் இலக்கியம் படிக்கிறேன்; மறுவாரம் தேர்வு. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அம்மாவோடு நடந்தேன்.

"பஃப் எடுத்துக்கினியாம்மா?" என்று கேட்டேன். இழுப்பு வந்தால் வாயில் அடித்துக்கொள்ளும் சிறிய குப்பி அது.

"பைக்குள்ள கீது. நீ ஏன்டி கெடந்து பயந்துக்கினு வர? சும்மா படுத்துக்கினு எழுந்து வரப் போறேன்."

மைதானத்தில் தார்ப்பாய்கள் விரித்திருந்தார்கள். சாமியானா பந்தலில் ஒரு மேடை, அதில் அதிகாரிகள். ஆரஞ்சுச் சட்டை அணிந்த ஓர் அதிகாரி, நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். காயம்பட்டவர்களின் மணிக்கட்டில் நிறத்துணிப் பட்டை கட்டப்படும். மீட்புக் குழுவினர் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பட்டையின் நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். சிவப்பென்றால் உயிருக்கு ஆபத்து, தூக்குப்படுக்கையில் ஆம்புலன்ஸுக்கு உடனே. மஞ்சள் காத்திருக்கலாம். பச்சை லேசான பாதிப்பு. தாமே நடந்து செல்லலாம். கறுப்பு, இறந்தவர்.

பெண்கள் கறுப்பைத் தொடக்கூட மறுத்தார்கள். எங்கள் எதிர்வீட்டு அத்தை எழுந்தே விட்டார். "இன்னா சார், கட்னவன் குத்துக்கல்லாட்டம் கீறான், நான் கருப்பு கட்டிக்கினு படுக்கணுமா? எட்த்துக்கினு போ சார் அத."

அதிகாரி சிரித்தபடி கறுப்புப் பட்டைகளை உறைக்குள் திரும்பப் போட்டார். ஆகையால் அன்றைய ஒத்திகையில் எங்கள் ஊரில் ஒருவரும் சாகவில்லை.

"எனுக்கு செவப்பு குடு சார். செவப்பு கட்னாதான் ஏசி வண்டியில ஏத்துவாங்களாமே" என்றார் அத்தை.

"சிவப்புன்னா உயிருக்கு ஆபத்தான நிலைம்மா. சிரிக்கக் கூடாது."

"நான் ஏன் சார் சிரிக்கறேன்? எங்க ஊட்டுக்காரன் மூஞ்ச நென்ச்சிக்கினா தானா உயிர் போறாப்ல ஆய்டும்."

அம்மா பச்சையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "எனக்கு இதே போதும். தண்ணி உடற நேரத்துக்கு ஊட்டுக்குப் போய்டலாம்."

ஒத்திகையைப் படம்பிடிக்கும் வீடியோவில் தெரியக் கூடாது என்று எல்லாருடைய பைகளையும் வாங்கி ஐந்தாம் வகுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். சாவியை ஊராட்சி எழுத்தர் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். அம்மா பையைக் கொடுத்ததை நான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் சொல்லவில்லை.

நிஜமாகவே வாயு கசிந்தால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கற்பித்தார்கள்.

"காத்து எங்கேருந்து வர்துன்னு எப்டி சார் தெரியும்?" என்று ஒரு பெண் கேட்டார்.

"ஆலைக்கு உள்ளே உயரமான கம்பத்தில் துணிக்கூம்பு ஒன்று கட்டியிருக்கிறோம். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று பொருள்."

எல்லாரும் ஆலைப் பக்கம் திரும்பினார்கள். மதிலும் அதன் மேல் முள்கம்பியும் அதற்குப் பின்னால் ஒரு தகரக் கூரையும் தெரிந்தன. கூம்பு தெரியவில்லை. அதிகாரியும் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த குறிப்புக்குப் போனார்.

சங்கு ஊதியதும் மதிலோரம் வைத்திருந்த குப்பிகளிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. அது வெறும் ஒத்திகைப் புகை. கேடு செய்யாது என்று சொல்லியிருந்தார்கள். நல்ல நுரையீரலுக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். பெண்கள் சொல்லிக்கொடுத்தபடி இருமினார்கள், நெஞ்சைப் பிடித்தார்கள், "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்தினார்கள். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டம் கைதட்டியது. நானும் கயிற்றுக்கு வெளியேதான் நின்றேன்.

கடற்காற்று அப்போதுதான் எழுந்தது. நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை சாய்ந்து, பச்சைப் பட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்த முதல் தார்ப்பாயின் மேல் படிந்தது. அது விலகியபோது அம்மா மட்டும் கத்தவில்லை. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி முன்னால் சாய்ந்திருந்தார். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. கழுத்துக்குக் கீழே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. வாய் திறந்திருந்தது, ஒலி வரவில்லை. நடித்தவர்களிடம் ஒலி இருந்தது. காப்பாற்றச் சொல்லிக் கேட்க அவர்களுக்கு மூச்சு மிச்சம் இருந்தது.

"தே பாரு, அந்தம்மா இன்னாமா ஆக்ட் உடுது!" என்றது என் பின்னால் ஒரு குரல். "ஷூட்டிங்குக்கே போலாம்." சிரித்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படமெடுத்தார்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். மஞ்சள் தொப்பி அணிந்த தன்னார்வலர் ஒருவர், என் வயதுப் பெண், தடுத்தார்.

"என் அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது. இது நடிப்பில்லை. நிஜமாகவே திணறுகிறது" என்றேன்.

"செமயா பண்றீங்க. ஆனா உறவினர்கள் அந்தப் பக்கம் நிக்கணும். இன்னும் உங்களைக் கூப்பிடல."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் காட்டிய திசையில் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது: கவலையுறும் உறவினர்கள். அதன் அருகே நான்கைந்து பெண்கள் தலையில் கைவைத்தபடி தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். நான் என்ன சொல்லுவேனோ அது முழுவதும் ஏற்கனவே அங்கே ஒரு பாத்திரமாக எழுதப்பட்டிருந்தது. வெளியாட்களிடம் எப்போதும் பேசுவது போல மெல்லிய குரலில் முழு வாக்கியமாகச் சொன்னேன். மனப்பாடம் செய்து ஒப்பித்ததாகவே அவருக்குக் கேட்டிருக்கும். கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்தார். அந்தக் கட்டைவிரலைப் போல வேறெதுவும் என்னை அச்சுறுத்தியதில்லை.

அம்மாவின் பஃப் இருந்த வகுப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. எழுத்தர் மேடையின் நடுவில், விருந்தினர்களுக்குப் பின்னால் இருந்தார். மைதானத்தின் அகலம் முழுவதும் தாண்ட வேண்டும். அம்மாவின் உதடுகள் வெளுத்து, வெளுப்பில் ஒரு நீலம் ஏறியிருந்தது. தூக்குப்படுக்கைக்காரர்கள் எங்களைத் தாண்டியே ஓடினார்கள். ஒருவர் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தார், பச்சை என்று கண்டார், "எழுந்து நடந்து வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் செய்தது தவறல்ல. அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

அப்போது எதிர்வீட்டு அத்தை கண்ணில் பட்டார். அடுத்த தார்ப்பாயில் கண்களை இறுக மூடி மல்லாந்து கிடந்தார். ஓடிப்போய் அவர் மணிக்கட்டில் இருந்த சிவப்புப் பட்டையின் முடிச்சை இழுத்தேன்.

"அடியே, இன்னாடி பண்ற? என் ஏசி வண்டிடி அது!" என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து சீறினார்.

"அத்தை, அம்மா."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான், நான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்துவிட்டார் என்ற ஆறுதல் எனக்கு வந்தது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து என் கையில் திணித்தார். "ஓடு."

பச்சையைக் கழற்ற நேரமில்லை. அதன் மேலேயே சிவப்பைச் சுற்றிக் கட்டி, அம்மாவின் கையை உயரத் தூக்கிப் பிடித்தேன். சற்றுமுன் எங்களைத் தாண்டிப்போன அதே மனிதர்கள் திரும்பினார்கள். "சிவப்பு ஒண்ணு இங்க!" அடுத்த நொடியில் அம்மா தூக்குப்படுக்கையில் இருந்தார். அவர்கள் அவ்வளவு கவனமாக, அவ்வளவு விரைவாகத் தூக்கினார்கள் என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

நானும் ஏறிக்கொண்ட ஆம்புலன்ஸில் இருந்த மருத்துவ உதவியாளர் அம்மாவின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்தார். குழாயைத் திறக்கவில்லை.

"திறங்க அண்ணா."

"ஒத்திகைக்கு எதுக்கும்மா வேஸ்ட் பண்ணிக்கினு…" என்றபடியே வழக்கத்துக்காக விரலில் மாட்டும் கருவியை அம்மாவுக்கு மாட்டினார். அதன் சிறு திரையைப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து, ஓட்டுநருக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த கண்ணாடியை ஓங்கித் தட்டி விலக்கினார். "நைனா, ரியல் கேஸு! ரிட்டன் அடிச்சிடாத, நேரா ஆஸ்பத்திரிக்கு உடு!"

வண்டி நெடுஞ்சாலைச் சந்திப்புவரை போய்த் திரும்ப வேண்டும் என்பதே திட்டம். ஓட்டுநர் வாக்கி டாக்கியை எடுத்தார். "சார், நம்ம வண்டியில நெஜமாவே பேஷண்ட் சார். மூச்சு உடல. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"ஓகே ஓகே, நல்லா போயிட்டிருக்கு. அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்றது மறுமுனை.

ஓட்டுநர் ஒரு கணம் அந்தப் பெட்டியையே பார்த்தார். "பேஜாரு" என்று சொல்லி அதை இருக்கையில் எறிந்தார். சந்திப்பில் வண்டி திரும்பவில்லை.

அன்று ஒத்திகைக்காக வழிநெடுகப் போலீஸார் லாரிகளை ஓரங்கட்டியிருந்தார்கள். எப்போதும் கனரக வண்டிகள் அடைத்து நிற்கும் அந்தச் சாலை, நான் பிறந்ததிலிருந்து பார்த்திராதபடி காலியாக இருந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு காவலர் எங்களுக்குக் கைகாட்டி வழிவிட்டார். எங்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்த ஏற்பாடேதான் எங்களை விரைவாகக் கொண்டும் சேர்த்தது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து நினைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அப்போது நினைக்கவும் இல்லை. அம்மாவின் கழுத்துக்குழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உள்ளே போய் வெளியே வரும்வரை என் மூச்சும் நின்றது.

அரசு மருத்துவமனையில் மருந்தைப் புகையாக்கிக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். பணியில் இருந்த பெண் மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "ரெண்டு பட்டை இருக்கே, எது சரி?" என்று கேட்டார்.

"மேலே இருப்பது. நான் கட்டினேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். இரண்டையும் கத்தரித்து என் கையில் கொடுத்தார்.

பிற்பகலில் அம்மாவின் உதட்டில் நிறம் திரும்பியது. முகமூடியை விலக்கி அவர் சொன்ன முதல் சொற்கள் இவை: "தண்ணி வந்துட்டு போயிருக்கும். குடம் வெச்சியா?"

அம்மாவின் பையோடு அத்தை வந்து சேர்ந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "என் வண்டியில ஏறிக்கினு வந்துட்டு சொகமா படுத்துக்கினு கீறா பாரு இவ."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்தது. அத்தை முதுகைத் தடவிக்கொடுத்தார். மைதானத்தில் பிறகு நடந்ததைச் சொன்னார். ஒத்திகை முழு வெற்றி என்று அறிவித்து எல்லாருக்கும் லெமன் சாதப் பொட்டலம் கொடுத்தார்களாம். அந்த ஆரஞ்சுச் சட்டை அதிகாரியிடம் இவர் விஷயத்தைச் சொன்னபோது அவர் திடுக்கிட்டுப் போய், எந்த மருத்துவமனை என்று விசாரித்தாராம். உதவியாளர் ஒருவர் மட்டும், "ஒரு சிவப்புப் பட்டை குறையுது, யாரு கைல கீது?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் மதிலோரமாக வந்தோம். புகைக்குப்பிகள் கிடந்த இடத்தில் புல் கருகியிருந்தது. என் பயம் மைதானத்திலோ மருத்துவமனையிலோ அல்ல, அந்த ஆட்டோவில்தான் முழுதாக வந்து உட்கார்ந்தது. இனி அந்தச் சங்கு ஏறி இறங்கி ஊதினால் எங்கள் தெரு ஓடாது. கயிற்றுக்கு வெளியே வந்து நின்று வேடிக்கை பார்க்கும். மூச்சுக்குத் தவிப்பவரைப் பார்த்து நன்றாக நடிக்கிறார் என்று சொல்லும். எங்களைக் காப்பாற்றுவதற்காக வகுத்த விதி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அதை யாரிடம், எந்த வாக்கியத்தில் சொல்வது? நான் சொல்லிப் பார்த்த வாக்கியங்களுக்குக் கட்டைவிரல்தான் பதிலாகக் கிடைத்தது.

மறுநாள் காலை, முதல் ஷிப்டுக்கான சங்கு ஊதியது. சீரான, பழைய சங்கு. அது சீராகவே ஊதி ஓயும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சிவப்புப் பட்டையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். தொலைக்காட்சி டிஷ் மாட்டிய குழாயின் உச்சியில், எங்கள் தெருவில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி, அதன் ஒரு முனையை இறுக்கிக் கட்டினேன்.

"காலங்காத்தால மேல இன்னாடி பண்ற?" என்று கீழேயிருந்து அம்மா கேட்டார். குரலில் இன்னும் இழுப்பு இருந்தது.

"காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்கிறேன்" என்றேன்.

துணி சற்று நேரம் தொங்கியது. பிறகு மெல்ல எழுந்து, மதிலுக்கு முதுகைக் காட்டியபடி எங்கள் வீட்டுப் பக்கமாகப் பறந்தது. நான் கீழே இறங்கி, மதிலைப் பார்த்திருந்த ஜன்னலைச் சாத்தினேன்.